இடது காலுக்கு வேலை இல்லை

"மேனுவலா சார், ஆட்டோமேட்டிக்கா?"

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கார் ஷோரூமில் சேல்ஸ்மேன் கேட்டது சாதாரணக் கேள்விதான். டீயா காபியா என்று கேட்கிற தோரணையில்தான் கேட்டான். ஆனால் சிலுவைமுத்துவுக்கு ஏசி அறையிலும் வேர்த்தது.

"ஆட்டோமேட்டிக்" என்றாள் மகள் ஜூடி.

"மேனுவல்" என்றார் சிலுவைமுத்து.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் சேல்ஸ்மேன் மூன்றாவது ஆளைப் பார்த்தான். சிலுவைமுத்துவின் மனைவி செலின் ஏசிக்கு நேர்கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கார் வாங்க வந்த இடத்தில் அவளுக்குப் பிடித்திருந்தது அந்த ஏசி மட்டும்தான்.

"லோன் என் பேர்ல நைனா. ஓட்டப்போறது நீ. உனக்குதான் முட்டி..." என்று ஜூடி ஆரம்பித்தாள்.

சிலுவைமுத்து சட்டென்று மகளின் காலை மிதித்தார். அவசரத்தில் இடது காலால் மிதித்துவிட்டார். கத்த வேண்டியவள் கத்தவில்லை. மிதித்தவர்தான் "மாதாவே!" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் ஆச்சு?"

"ஒண்ணும் இல்லபா. விலைய பாத்தேன்."

சிலுவைமுத்து கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர். திருவொற்றியூர் யார்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவதுதான் வேலை. தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, நடந்தே போய்விடலாம். உண்மையில் நடந்து போகிறவன் போய்த் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பான், டிரெய்லர் இன்னும் வரிசையில் நிற்கும். கிளட்சை மிதி, முதல் கியர் போடு, பத்தடி நகரு, பிரேக் பிடி, மறுபடி கிளட்சை மிதி. வயது வந்த நாளிலிருந்து அவருடைய இடது கால் இதைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை.

எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த டாக்டர், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னார். "அதான்" என்றார் டாக்டர். வைத்தியம் அத்துடன் முடிந்தது.

முட்டி போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. போனது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பதுதான் பயம். போன வருஷம் ஜேக்கப் என்கிற டிரைவர் டீ குடிக்கும்போது, "முட்டி ரொம்பப் பேஜாரு பண்ணுதுபா" என்று வாய்தவறிச் சொன்னார். யார்டு மேனேஜர் அமான் அவரைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "அண்ணே, வூட்ல கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அன்றிலிருந்து சிலுவைமுத்து யார்டுக்குள் நொண்டுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். கேட்டுக்கு வெளியே வந்ததும்தான் நொண்டுவார். வேலை போனால் வீட்டில் ஜூடியின் சம்பளமும் செலினின் தையல் கூலியும்தான். மகள் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

இப்போது அவர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினால் என்ன ஆகும்? ராயபுரத்தில் அவர் தெருவில் பாதி வீட்டில் டிரைவர்கள். டிரைவர் வீட்டு வாசலில் கிளட்ச் இல்லாத கார் நின்றால், இடது கால் அவுட் என்று போர்டு எழுதி மாட்டியதற்குச் சமம்.

"சார் எங்க வேலை?" என்று சேல்ஸ்மேன் நட்பாகக் கேட்டான்.

யார்டின் பெயரைச் சொன்னார்.

"அட! என் மச்சான் பாஸ்கரும் அங்கதான் சார் ஓட்றாரு. தெரியுமா?"

தெரியாமல் என்ன, அடுத்த வண்டி பாஸ்கருடையதுதான். பாஸ்கருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மைக் வைத்த ஆட்டோ தேவையில்லை. சிலுவைமுத்து முதுகை நிமிர்த்தினார்.

"மேனுவல் எடு தம்பி. ஓட்டிப் பாக்குறேன்."

ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் முன்னால் ஒரு கன்டெய்னர் வரிசை நின்றது. விதி அப்படி. பின் சீட்டில் அம்மாவும் மகளும், பக்கத்தில் சேல்ஸ்மேன். முதல் சிக்னல் வரைக்கும் சமாளித்தார். இரண்டாவது சிக்னலில் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. கார் ஒரு குதி குதித்து அணைந்தது. கிளப்பினார். மறுபடி குதித்து அணைந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "யோவ், ஓட்டக் கத்துக்கினு ரோட்டுக்கு வாய்யா!" என்றான்.

வாழ்க்கையில் சிலுவைமுத்துவைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. மாதா கோயில் வாசலில் யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"கிளட்ச் பிளேட் தேஞ்சிகீது" என்றார்.

"சார், இது புது வண்டி."

"புதுசாவே தேஞ்சிகீது."

எப்படியோ ஷோரூமுக்குத் திரும்பி வந்து நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். சிலுவைமுத்து இறங்கவில்லை. முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது.

"இறங்கு நைனா."

"நீங்க போங்க. சீட்டு எப்டி கீதுன்னு பாத்துகினு கீறேன்."

அவர் சீட்டைப் பார்த்து முடிப்பதற்குள் அவர்கள் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஜூடியின் நச்சரிப்புக்காக ஆட்டோமேட்டிக்கையும் ஓட்டினார். அதே சாலை, அதே வரிசை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக நகர்ந்தது. இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடித் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மிதியடிதான். கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கால் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. முட்டிக்குள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் அந்த நெருப்பு மெல்லத் தணிந்தது. இத்தனை வருஷமும் வரிசையில் நின்ற அத்தனை இரவும் சிலுவைமுத்துவுக்கு நினைவுக்கு வந்தன. இப்படி ஒரு வண்டி இருக்கும்போது என்னை ஏன் இந்தப் பாடு படுத்தினார்கள் என்று அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எப்டி சார் கீது?" என்றான் பாஸ்கரின் மச்சான்.

சிலுவைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூசு பூந்துட்ச்சி. இதெல்லாம் ஒரு வண்டியாபா? பொம்ம."

முன்பணம் கட்டினார்கள். எந்த வண்டி என்று பிறகு சொல்வதாக முடிவாயிற்று.

அன்று சாப்பிடும்போது சிலுவைமுத்துவுக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. அவருடைய கஷ்டகாலம் அந்த நிமிஷத்தில்தான் சூடுபிடித்தது.

"ஆட்டோமேட்டிக்கே வாங்கு ஜூடி. ஆனா வண்டி எனக்கு இல்ல. உங்கம்மாவுக்கு."

செலின் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கல்மண்டபத்தில் தையல் கடை வைத்திருப்பவள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

"எனக்கா? நான் இன்னாத்துக்குய்யா ஓட்டணும்?"

"சும்மா பேருக்குமே. தெருவுல யாரு கேட்டாலும் செலினு ஓட்டப்போது, பொம்பளைக்கு ஈஸியா இருக்கட்டும்னு வாங்குனோம்னு சொல்லிக்கலாம். ஓட்றது நான்தான். யாரு பாக்கப்போறா?"

"அதுக்கு எனக்கு லைசென்ஸ் வேணாவா?"

"வேணாம்..." என்றவர், தெருவை நினைத்துப் பார்த்தார். லைசென்ஸ் இல்லாதவளுக்குக் கார் வாங்கினான் என்றால் ஒருவனும் நம்பமாட்டான். "செரி, ஒரு டிரைவிங் ஸ்கூல்ல பேரு குடுத்து வையி. நாலு நாளு போயிட்டு நின்னுடு."

செலின் நிற்கவில்லை. தண்டையார்பேட்டை டிரைவிங் ஸ்கூலில் இருந்தது ஒரே கார். பல் விழுந்த கிழட்டு மேனுவல். அதன் கிளட்சை மிதிக்க ஆம்பளைகளே திணறினார்கள். செலினுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. காலம் முழுக்கத் தையல் மிஷின் மிதித்த கால். எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று காலுக்கே தெரிந்திருந்தது. வாத்தியார் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, மற்றவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து அவளைப் பார்க்கச் சொன்னார்.

லைசென்ஸ் வந்த அன்று அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, செலின் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, இவ்ளோதானா?"

"இன்னா இவ்ளோதானா?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து, நான் கிளட்ச் மிதிக்கிறவன், கியர் போட்றவன்னு வூட்ல ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் குடிக்காம சீன் காமிச்சியே. இதுக்குதானா?"

சிலுவைமுத்து தானே எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"இன்னொண்ணு" என்றாள் செலின். "எனக்கு ஆட்டோமேட்டிக் வேணாம். மேனுவலுதான் கைக்கு வந்துகீது. வண்டி எனக்குன்னுதான ஊரெல்லாம் சொல்லி வச்சிகீற?"

ஜூடி சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

வீட்டு நிலவரம் இப்படி இருக்க, யார்டில் வேறு பற்றிக்கொண்டிருந்தது. பாஸ்கரின் மச்சான் தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தான். சிலுவைமுத்து ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பார்த்தாராம், கண்ணில் தண்ணீர் வந்ததாம், அதைத்தான் வாங்கப்போகிறாராம் என்று கதை டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

போதாததற்கு யார்டிலேயே என்னென்னவோ நடந்தது. பின்பக்கச் சுவரோரம் பள்ளம் தோண்டிக் கேபிள் போட்டார்கள். ஏதோ பெரிதாகக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கேமரா வைக்கத்தான் கேபிள் என்று சிலுவைமுத்து முடிவு கட்டினார். எவன் நொண்டுகிறான் என்று ஆபீசிலிருந்தே பார்க்கப்போகிறார்கள். அன்றிலிருந்து கேட்டுக்கு வெளியேயும் நொண்டுவதை விட்டார்.

ஒருநாள் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அமான் தானே வந்தார். மேனேஜர் டீக்கடைக்கு வருவது நல்லதுக்கில்லை என்பது சிலுவைமுத்துவின் அனுபவம்.

"இன்னா பாஸ்கரு, உடம்பு எப்டி கீது?"

"அத்த ஏன் சார் கேக்குறீங்க" என்று பாஸ்கர் பேன்ட்டுக்கு மேலேயே மாட்டியிருந்த முட்டி உறையைத் தட்டிக் காட்டினான். "கிளட்ச் மிதிச்சி மிதிச்சி செத்துட்டேன். கிளட்ச் இல்லாத வண்டி ஒண்ணு குடுத்தீங்கன்னா உங்க போட்டோவ வூட்ல மாட்டி ஊதுபத்தி கொளுத்துவேன்."

உயிரோடு இருப்பவருக்கு ஊதுபத்தி எதற்கு என்று அமான் கேட்கவில்லை. சிரித்தார்.

ஒழிந்தான் பாஸ்கர், என்று சிலுவைமுத்து உள்ளுக்குள் பரிதாபப்பட்டார். ஜேக்கப் மாதிரியே வாயால் கெட்டான். நாளைக்கே தோளில் கை விழும்.

அமான் இவர் பக்கம் திரும்பினார். "சிலுவ, ஆட்டோமேட்டிக் வாங்கப்போறியாமே?"

"யாரு சார் சொன்னது?"

"ஓட்டிப் பாத்தியா? புட்ச்சிதா? முட்டிக்கு நல்லா சொகமா இருந்திருக்குமே."

முட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சிலுவைமுத்துவுக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிட்டது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இடது காலை ஊன்றித்தான் எழுந்தார். வலி மண்டைக்கு ஏறியது. முகத்தில் காட்டவில்லை.

"இன்னா சார் சொகம்? கியர் இல்லாத வண்டிய ஓட்றதுக்கு வூட்ல குந்திகினு டீவி பாக்கலாம். முட்டி வலி கிட்டி வலின்னு சொல்றவன்லாம் டிரைவரே இல்ல, சோம்பேறி. அந்த மாதிரி வண்டிய எவனாவது என் கையில குடுத்தான்னு வையி, சாவிய கடல்ல வீசிட்டு வூட்டுக்குப் பூடுவேன்."

டிரைவர்கள் கைதட்டினார்கள். பாஸ்கர் மட்டும் முட்டியைத் தடவிக்கொண்டு தலைகுனிந்தான்.

"சும்மா சொல்றியா, நெசமாவா?" என்றார் அமான். அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லு சிலுவ. உங்கிட்ட பிளசர் காருக்காக மட்டும் கேக்கல."

பொறி எங்கே இருக்கிறது என்று சிலுவைமுத்துவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காரில் இல்லை, முட்டியில்தான் இருக்கிறது.

"லூர்து மாதா மேல ஆணையா சார். இந்தக் கட்ட கிளட்ச் மேலதான் போவும்."

"செரி" என்றார் அமான். அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று சிலுவைமுத்து மூச்சு விட்டார். அன்று தேவையே இல்லாமல் ஒரு டிரிப் கூடுதலாகப் போனார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி நிறுத்தி, கேபினிலிருந்து படிக்கட்டை மிதிக்காமல் ஒரே குதியாகக் குதித்தார். குதித்த இடத்திலேயே நின்றுகொண்டு வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். பறவை பார்க்கிறார் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜூடியிடம், "மேனுவலே வாங்கிடு" என்றார். செலின் கைதட்டினாள்.

ஜூடி தட்டவில்லை. "உன் கால பாத்தியா நைனா? உரல் மாதிரி வீங்கிக்கீது. யாருக்குப் பயந்துகினு இதெல்லாம் பண்ற?"

"பயமா? எனக்கா?" என்றார். அப்புறம் குரல் தானாக இறங்கியது. "நீ கட்டிக்கினு போற வரிக்கும் நான் சம்பாரிக்கணும்மா. அதுக்கு இந்தக் கால் இருந்தா ஆவணும். இல்லன்னா இருக்கிற மாதிரியாவது ஆவணும்."

ஜூடி தைலத்தை எடுத்து வந்து தேய்த்துவிட்டாள்.

சிவப்புக் கலரில் கார் வந்தது. கோயில் வாசலில் ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஸ்டியரிங்கில் ஒரு துளி, பானெட்டில் ஒரு துளி. தன் முட்டியிலும் ஒரு துளி விழட்டும் என்று சிலுவைமுத்து கதவுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு நின்றார். விழவில்லை.

மறுநாளே யார்டுக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அமானைக் கைபிடித்து அழைத்து வந்து கதவைத் திறந்து கியர் கம்பியைக் காட்டினார்.

"பாத்தீங்களா சார். மேனுவலு."

அமான் லட்டில் பாதியைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். "அப்போ இதான் உன் முடிவா சிலுவ?"

"எப்பவும் இதான் சார்."

"உன் இஷ்டம்" என்றார் அமான். மீதி லட்டை அவர் சாப்பிடவில்லை, கையிலேயே வைத்திருந்தார். அதைச் சிலுவைமுத்து கவனிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தார்.

திரும்பும் வழியில் காசிமேட்டு நெரிசலில் கால் பூட்டிக்கொண்டது. கடையில் இருந்த செலினைப் போனில் கூப்பிட்டு வரவழைத்து, நடுரோட்டில் சீட்டு மாறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வீடு வந்தார். எதிரே பைக்கில் வந்த பாஸ்கர், "இன்னாண்ணே, அண்ணி ஓட்டுது?" என்றான்.

"கத்துக்குடுத்துகினு கீறேன்" என்றார். செலின் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது கியருக்கு மாற்றினாள். அவர் போட்டால்கூட அவ்வளவு வழவழப்பாக விழுந்ததில்லை.

காலுக்காக இரண்டு நாள், அத்தை செத்துவிட்டதாகச் சொல்லி லீவு போட்டார். அத்தை செத்துப் பல வருஷம் ஆகிறது, ஆகவே முழுப் பொய்யில்லை. மூன்றாம் நாள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, நொண்டாமல், யார்டு கேட்டுக்கு வந்தார்.

உள்ளே தார்ப்பாயைக் காணோம். அது இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று புது டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. சுவரோரக் கேபிள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் சொருகியிருந்தது. ஒரு வண்டி சத்தமே போடாமல் கேட்டைத் தாண்டி வெளியே வந்தது. கேபினில் பாஸ்கர். இடது காலைச் சீட்டின் மேல் சம்மணமாக மடித்துப் போட்டு, வலது காலால் மட்டும் ஓட்டிக்கொண்டு போனான். பின்னாலேயே இன்னொரு வண்டி. அதில் ஜேக்கப். ரெஸ்டில் நன்றாகச் சதை போட்டிருந்தார். இவரைப் பார்த்து உற்சாகமாகக் கையாட்டினார்.

"இன்னாபா இது?" என்றார் சிலுவைமுத்து, கேட் வாட்ச்மேன் ராமதாசிடம்.

"கரண்ட் வண்டிண்ணே. கிளட்ச்சும் கிடையாது, கியரும் கிடையாது. ஆர்பருக்குள்ள இனிமே இதான்."

சிலுவைமுத்து சிரிக்கப் பார்த்தார். "பொம்ம வண்டி. என் வண்டி எங்க?"

"பழைய வண்டி அத்தினியும் நேத்தே வித்துட்டாங்கண்ணே."

"அப்போ எனுக்கு?"

ராமதாஸ் எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துண்டால் தட்டி அவர் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"மொதல்ல குந்துண்ணே, தெனம் நீ கேபின்ல இருந்து எறங்குற அழகப் பாத்து உன் முட்டி பூட்ச்சின்னு இங்க எல்லாருக்குமே தெரியும், அதனாலதான் மொத வண்டிய உனக்குன்னு எடுத்து வச்சிகினு அமான் சாரு உங்கிட்ட மூணு தபா கேட்டாரு."